உடும்பஞ்சோலைக்குப் போகாத ஏழு மெயில்கள்

திங்கட்கிழமை, காலை 9.40.

"சாம்பிளா? எந்தச் சாம்பிளு மேடம்? எனக்கு மெயிலே வரலையே!"

மலைமேல் இருக்கும் உடும்பஞ்சோலைக் கிளையின் பொறுப்பாளர் வேல்முருகன் போனில் சொன்னதைக் கேட்டு முதலாளியம்மா கௌலத் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துபாய் வியாபாரி கேட்ட ஏலக்காய் சாம்பிளை உடனே அனுப்பச் சொல்லி, வெள்ளிக்கிழமை அவரே டைப் செய்து அனுப்பிய மெயில் அது. சற்றுமுன்தான் துபாயிலிருந்து பேசியிருந்தார்கள். போடியிலிருந்து வேறொரு கம்பெனியின் சாம்பிள் வந்துவிட்டதாம். அதே ரகம், அதே பேக்கிங். புதன் மாலை வரைதான் காத்திருப்பார்களாம்.

மெயில் தொலைந்து மட்டும் போகவில்லை. யாரோ அதைப் படித்திருக்கிறார்கள்.

பாலக்காடு மேட்டுப்பாளையம் தெருவில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஏலக்காய்க் கடை அது. எட்டு மாதங்களுக்கு முன் கௌலத்தின் மருமகள் நஜ்மா மாடி அறையில் சொந்தமாக ஒரு மெயில் சர்வரை நிறுவியிருந்தாள். தானே படித்து, தானே செய்தது. பாலக்காட்டு ஊழியர்கள் பதினான்கு பேரின் மெயிலும் அதில்தான்; கோயம்புத்தூர்க் கடை இன்னும் அதில் சேரவில்லை. பாலக்காட்டில் கரண்ட் போனால் மலையில் வேலை நிற்கக் கூடாது என்று, உடும்பஞ்சோலைக்காரர்களின் கணக்குகளை மட்டும் வெளி நிறுவனத்திடமே விட்டு வைத்திருந்தாள். எல்லோருடைய மெயில் விலாசமும் ஒரே கம்பெனிப் பெயரில்தான் முடியும். யாருடைய மெயில் எங்கே இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாது.

"மெசினை நம்ப முடியாதுங்க அம்மா," என்றான் கோபிநாத். கொழிஞ்சாம்பாறைக்காரன். சரக்கு அனுப்பும் பிரிவின் மேனேஜர். "வெள்ளிக்கெழம நான் வேல்முருகனுக்கு வண்டி நம்பர் அனுப்புனனுங்க. அது போச்சு. நீங்க அனுப்புனது போகலீங்க. தோணுனா அனுப்புது, தோணாட்டி முழுங்குது. எல்லாத்தையும் வெளிக் கம்பெனிக்கே மாத்திரலாமுங்க."

கௌலத் மருமகளைப் பார்த்தார். "என்ன மோளே, உன் மெசினா இப்படிச் செஞ்சது?"

நஜ்மாவின் முகம் சிவந்தது. "சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க மாமி. என் மெசின் தப்புன்னா நானே பிளக்கைப் புடுங்கிடறேன்."

காலை 10.25. அவள் முதலில் வேல்முருகனைக் கூப்பிட்டாள்.

"வெளியாளுங்க மெயில் வருதா?"

"அதெல்லாம் கரெக்டா வருது மேடம். கொச்சி ஏஜெண்டு காலையில கூட அனுப்புனாரு."

"கடையில இருந்து?"

"வியாழக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் கோபிநாத் சார் அனுப்புன வண்டி நம்பர் ஒண்ணுதான் வந்துச்சு."

"அதைத் தொறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

காலை 11.10. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஜிதின் வந்தான். சர்வரின் நிர்வாக பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: நஜ்மா, அவள் இல்லாதபோது பார்த்துக்கொள்ளும் கோபிநாத், இந்த ஜிதின்.

"வியாழக்கிழமை இங்க வந்தீங்களா?"

"வந்தேன் சேச்சி. பிரிண்டர் மாத்தினேன்."

"எத்தனை மணிக்கு?"

"மூணுலேந்து அஞ்சு. சர்வர் ரூம் பக்கமே போகல."

"அதுக்கு சாட்சி?"

"யாரும் இல்ல," என்றான் ஜிதின்.

நஜ்மா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. போகாத மெயில் எதுவும் திரும்பி வரவில்லை. விலாசம் தவறென்றால் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கும். திருப்பவில்லை என்றால், எங்கோ பத்திரமாகச் சேர்த்திருக்கிறது.

மாலை 4.30. கௌலத்தின் அறையில் கோபிநாத்தும் ஜிதினும் நின்றார்கள்.

"பாலக்காட்டுல இருந்து யார் மெயில் போட்டாலும் என் சர்வர் முதல்ல தன்கிட்டத் தேடும்," என்றாள் நஜ்மா. "அந்தப் பேர்ல மெயில் பெட்டி இருந்தா அதுலயே போட்டுடும். இல்லாட்டிதான் வெளிக் கம்பெனிக்கு அனுப்பும். வேல்முருகனுக்கு இங்க பெட்டியே கிடையாது. ஆனா வியாழக்கிழமை நாலு பன்னெண்டுக்கு யாரோ அவர் பேர்ல இங்க ஒண்ணு உண்டாக்கியிருக்காங்க. நான் அப்போ கோபாலபுரம் செக்போஸ்ட்ல லோடோட நின்னேன். அந்தப் பெட்டிக்குள்ள ஏழு மெயில் இருக்கு மாமி. உங்களோடதும் இருக்கு. ஏழையும் தொறந்து படிச்சிருக்காங்க."

"வெளியாளுங்க மெயில் மட்டும் எப்படிப் போச்சு?" என்று கேட்டார் கௌலத்.

"அது நேரா வெளிக் கம்பெனிக்குப் போய் இறங்கும். என் சர்வரைத் தொடாது. அதனாலதான் வேல்முருகனுக்குச் சந்தேகமே வரல."

அவள் கோபிநாத் பக்கம் திரும்பினாள்.

"வண்டி நம்பரை எதுல அனுப்புனீங்க?"

"என் மேஜையில இருந்துதானுங்க. கம்பெனி மெயில்லதானுங்க."

"அப்படின்னா அது எட்டாவதா அந்தப் பெட்டியில கெடக்கணும். இல்லையே!"

நஜ்மா வேல்முருகன் அனுப்பிய போட்டோவை மேஜைமேல் வைத்தாள். அனுப்பியவரின் இடத்தில் கோபிநாத்தின் சொந்த விலாசம் இருந்தது.

"எட்டு மாசமா கம்பெனி மெயிலைத் தவிர வேற எதுலயும் நீங்க அனுப்பினதில்ல. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் மாத்துனீங்க? வண்டி நம்பர் போய்ச் சேரலைன்னா வேல்முருகன் அன்னைக்கே போன் பண்ணியிருப்பாரு, விஷயம் வெளிய வந்திருக்கும். உள்ள வழி அடைச்சிருக்குன்னு அடைச்சவருக்கு மட்டும்தான் தெரியும்."

கோபிநாத் மேஜைமேல் இருந்த போட்டோவைத் தள்ளி வைத்தான்.

"போடிக்காரங்க பார்ட்னரா சேத்துக்கறோம்னாங்க..." குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுருங்கம்மா."

"கடைச் சாவியை வெச்சுட்டுப் போ," என்றார் கௌலத். "மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அவன் போனதும் ஜிதின் நீண்ட மூச்சு விட்டான். நஜ்மா அந்தப் போலிப் பெட்டியின் நகலை எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை அழித்தாள். கௌலத் சாம்பிள் மெயிலை மறுபடி அனுப்பினார். நான்கு நிமிடத்தில் வேல்முருகனின் போன் வந்தது.

"கெடச்சுது மேடம். சாம்பிளை நானே எடுத்துக்கிட்டு இப்பவே மலையிறங்குறேன். புதன் காலையில துபாய்ல இருக்கும்."

கௌலத் எழுந்தார். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் மாடிப்படி ஏறினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்து, பச்சை விளக்கு மின்னும் கறுப்புப் பெட்டியின் முன் நின்றார்.

"இது இன்னும் எத்தனை பேரைத் தாங்கும் மோளே?"

"நூறு பேரைத் தாங்கும் மாமி."

"கோயம்புத்தூர்க் கடையையும் இதுலயே சேர்த்துடு. யார் வெச்சதுன்னு அங்க கேட்டா, என் மருமக வெச்சதுன்னு நானே சொல்றேன்."