கரண்டு போனால் வரும் குரல்

"கரண்டு இருக்கையில அவ பேச மாட்டேங்குறா. கரண்டு போனாத்தான் பேசுறா" என்றார் அப்பய்யா.

முனீஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். திருச்சுழி சாலையில், மாவுமில்லுக்கு மேலே இருந்த அவளுடைய துப்பறியும் நிலையத்துக்குக் கல்யாண விசாரணைகள்தான் வரும். பேயைப் பற்றி ஒருவர் புகார் கொண்டுவந்தது இதுவே முதல் தடவை. அவளுக்குத் துணையாக இருந்த ஓய்வுபெற்ற ஏட்டு இருளப்பசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் யாரையும் கைது செய்து வெகுநாளாகியிருந்தது.

"யாரு பேசுறது?" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரி ராமலட்சுமி. செத்து ரெண்டு வருசமாச்சு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ராமலட்சுமி மைக்கைச் சோதிக்கிறேன் என்று தெலுங்கில் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். பால் பொங்கியது, பக்கத்து வீட்டுப் பூனை என்று ஊர்க்கதை. பிள்ளைகள் இல்லாத வீடு. அவள் போன பிறகு அந்த வீட்டுக்குள் தெலுங்கு பேச அந்தப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். பந்தல்குடி சாலையில் கடை வைத்திருக்கும் மதன்குமாரிடம் தூசி தட்டக் கொடுத்து வாங்கியதிலிருந்து, குரல் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் திக்கி நின்றுவிடுகிறது.

"ஹார்டு டிஸ்கை மாத்திட்டான் பய. கேட்டா, கடையில நல்லா ஓடுச்சேன்னு சாதிக்கிறான். கேசெல்லாம் வேணாம்மா. அவ குரல் முழுசாக் கிடைச்சாப் போதும்." அழுது முடித்து வெகுநாளான முகம் அது.

"அந்தப் பயலைத் தூக்கிட்டு வந்துரவா மேடம்?" என்றார் இருளப்பசாமி.

"மொதல்ல வீட்டைப் பாப்போம்ணே."

அருப்புக்கோட்டையில் ஆடிக்காற்று புழுதியை வாரித் தெருத்தெருவாக இறைத்துக்கொண்டிருந்தது. அப்பய்யாவின் வீட்டு முன்னறை பூட்டிக் கிடந்தது. திறந்ததும், தரையெல்லாம் தூசி. சுவரோரம் மட்டும் மேசைக்கால் அளவில் நான்கு கட்டங்கள், அங்கே தூசி குறைவு. முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் இரண்டு ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் மேசை அங்கேதான், தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருந்தது. பக்கத்திலேயே கட்டில், சாப்பாட்டுத் தட்டு, துணிமணி.

"மேசையை எப்ப இங்க கொண்டாந்தீக?" முனீஸ்வரி கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"கடையிலருந்து பெட்டி வந்த அன்னைக்கு. முன்னறையில தனியா இருக்க முடியலம்மா. இங்கன்னா சத்தமாவது இருக்கு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவ பேசுறதக் கேப்பேன்."

அவள் மேசையைப் பார்த்தாள். தறிக்காரர் கொண்டுவந்து வைத்த டீ, கிளாசுக்குள் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்பய்யா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் கூட்டிப் பதிவை ஓடவிட்டார். குரல் திக்கியது, நின்றது. காற்றில் எங்கோ கம்பி உரச, கரண்டு போயிற்று. தறிகள் அடங்கின. யு.பி.எஸ்ஸில் ஓடிய கம்ப்யூட்டரிலிருந்து ராமலட்சுமி தங்குதடையில்லாமல் பேசத் தொடங்கினாள்.

"முருகா!" என்றார் ஏட்டு.

"அண்ணே, போய் மதன்குமாரைக் கூட்டிட்டு வாங்க. தூக்கிட்டு வர வேணாம்."

அவன் முறைத்துக்கொண்டேதான் வந்தான். கரண்டு திரும்பி, தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரையும் முன்னறையில் நிறுத்தி முனீஸ்வரி ஆரம்பித்தாள்.

"டிஸ்கை மாத்துனவன் உங்க வீட்டம்மா குரலை மட்டும் பத்திரமா அதுல ஏத்தி வைப்பானாய்யா? திருடனுக்கு அவ்வளவு கரிசனம் ஏது? இது பழைய டிஸ்குதான். அதுக்குள்ள வழுவழுன்னு தட்டு சுத்துது. தட்டு மேல கண்ணுக்குத் தெரியாத காந்தப் புள்ளிக. ஒவ்வொண்ணும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பாத்து நிக்கும். அந்த வரிசைதான் குரல். வாசிக்கிற முனை தட்டைத் தொடாது, தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு சன்னமான இடைவெளியில மிதந்துக்கிட்டே வாசிக்கும். வரிசைகளும் அவ்வளவு நெருக்கம். கொஞ்சம் ஆடுனாலும் வரிசை தப்பிரும். திரும்பத் தேடிப் பிடிக்கணும். அந்த நேரத்துலதான் குரல் நிக்குது."

"ஆட்டுறது யாரு?" என்றார் இருளப்பசாமி, இன்னும் நம்பிக்கை விடாமல்.

"தறி. கடையில தறி இல்ல, நல்லா ஓடுச்சு. மேசை இங்க முன்னறையில இருந்தவரைக்கும் நல்லா ஓடுச்சு. தறிக்கூடத்துக்குப் போன அன்னைக்குத்தான் திக்க ஆரம்பிச்சிருக்கு. கரண்டு போனா தறி நிக்குது, பெட்டி ஓடுது. டீயே நடுங்குற எடத்துல அந்த முனை என்ன செய்யும்?"

மேசையைப் பழைய இடத்துக்கே தூக்கி வந்தார்கள். பின்கட்டில் தறிகள் ஓடியபடி இருக்க, குரல் தெளிவாக வந்தது. அப்பய்யா மதன்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைப் போயி தப்பா நெனச்சிட்டேன்டா."

"அத விடுங்க மாமா. இன்னமும் ஆடிக்கிட்டே இருந்தா முனை தட்டுல உரசிரும். உரசுன எடத்துல இருக்குற குரலை எவனாலயும் மீட்க முடியாது. இப்பவே வேற டிஸ்குல ஏத்திருவோம். அதுல சுத்துற தட்டே கெடையாது, தறிக்குப் பக்கத்துல வச்சே கேக்கலாம்."

கடையிலிருந்து புது டிஸ்கைக் கொண்டுவந்து ஏற்றி முடித்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முழுவதையும் ஓடவிட்டான். கடைசியில் ஓர் ஆண்குரல் தெலுங்கில் அதட்டியது. மதன்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்" என்றார் அப்பய்யா. "தொணதொணக்காத, நிறுத்துன்னு கத்துனேன். எப்பவும் இது வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திருவேன்."

"இத மட்டும் வெட்டி எடுத்துரவா மாமா?"

அவன் கை மவுசுக்குப் போவதற்குள், பெட்டிக்குள்ளே ராமலட்சுமி சிரித்தாள். அடக்கமாட்டாமல், வெகுநேரம் சிரித்தாள். பிறகுதான் பதிவு முடிந்தது.

அப்பய்யா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்றார். "அந்தக் கடைசிய இன்னொருக்காப் போடுடா. இரு, வாரேன்."

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.