தேர்வு எண் 4383

காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது.

குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவனுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாதா என்ன?

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மழைக்காகக் கடை வாசலில் ஒதுங்கியிருந்த பெண். கண்ணாடியில் விழுந்த துளிகளைத் துடைக்கப் போய் அது கைநழுவிக் கீழே விழுந்த அதே நொடியில், நனைந்துகொண்டிருந்த விளம்பரப் பலகையை எடுத்து வைக்க இவன் அரக்கப் பரக்க வெளியே ஓடி வந்திருக்கிறான்.

"ஸாரிங்க... நான் பார்க்கலை..."

"பார்க்கலையா?" அவள் அண்ணாந்தாள். தலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு இரண்டு கண்கள் வரைந்த போர்டு மங்கலாகத் தெரிந்தது. "கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலைன்னா மத்தவங்க எங்க போறது?"

தினமும் முப்பது ஜோடிக் கண்களைப் பார்ப்பது அவன் தொழில். கண் என்றால் அவனுக்குப் பவர், லென்ஸ்... அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... மழையில் நனைந்த இமைகளும், கோபத்தில் இன்னும் பெரிதான கருவிழிகளும்... அவனுக்கு மூச்சு ஒரு தடவை தப்பியது. அதிலும் பாவம், கண்ணாடி இல்லாததால் அவை அவனுடைய காதைத்தான் முறைத்துக்கொண்டிருந்தன!

"உள்ள வாங்க. ஒரு மணி நேரத்துல புதுசு போட்டுத் தர்றேன்."

"ஒரு மணி நேரமா? பதினொரு மணிக்கு ரிசல்ட் வருதுங்க!"

"யாரோட ரிசல்ட்?"

"என் பசங்களோடது. பத்தொன்பது பேர்."

அவன் திகைத்துப் போனான். கல்லாவில் இருந்த அவன் அக்கா தலையை நிமிர்த்தினாள். "பத்தொன்பதா? ஏம்மா, நல்லா இருக்கியா?"

அந்தக் கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். அவள் கணக்கு டீச்சர். கடல் தாண்டி ஒரு ஏழை நாட்டில், பெரிய ஆற்றின் நடுவே இருக்கும் ஒரு தீவின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறாள். திரும்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. அவளிடம் ஏழாவது படித்த பிள்ளைகள் இப்போது பத்தாவது எழுதியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பேப்பர் இங்கிலீஷில் வரும். போனில் தினமும் படித்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை.

"அந்த நாட்டுல கலவரம், தேர்தல்னா டிவியிலேயே சொல்லிடுவான். எனக்கு அது இல்லைங்க வேண்டியது. சந்தைக்குக் கூரை போட்டாங்களா, பஸ் நேரம் மாத்தினாங்களா... போன வாரம் போஸ்ட் ஆபீஸ்ல ஆடு புகுந்து தபாலைத் தின்னுடுச்சாம். அந்த போஸ்ட் மாஸ்டரை எனக்குத் தெரியும். அவர் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நினைச்சு நினைச்சு ரெண்டு நாள் சிரிச்சேன்..."

மணி பதினொன்று. போன் 'டிங்' என்றது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், கண்ணைச் சுருக்கினாள். பிறகு சட்டென்று அவன் பக்கம் நீட்டினாள்.

"கண்ணாடி இல்லாம எனக்கு மூணும் எட்டும் ஒண்ணாத்தான் தெரியும். நீங்களே படிங்க. உடைச்சதுக்கு அதுதான் தண்டனை."

அவள் மனப்பாடமாக எண்களைச் சொல்லச் சொல்ல, அவன் பொடி எழுத்தில் தேடித் தேடி 'இருக்கு' என்றான். ஒவ்வொரு 'இருக்கு'க்கும் அவள் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது. பதினெட்டு எரிந்துவிட்டன.

"கடைசியா... 4383." அவள் குரல் இறங்கியது. "படகுக்காரர் பொண்ணு. கணக்குன்னாலே அழுவா. கிளம்புற அன்னிக்குக் கரையில நின்னு, 'டீச்சர், என் நம்பரையும் பேப்பர்ல பார்ப்பீங்க'ன்னு கத்தினா..."

4381 இருந்தது. அடுத்தது 4386. நடுவில் ஒன்றும் இல்லை.

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... அந்தப் பதினெட்டு விளக்குகள்... எப்படி அணைப்பது? யாரால் முடியும்?

"இருக்கு," என்றான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மளமளவென்று வேலையில் இறங்கினான். கண் பரிசோதிக்கும் கனமான வட்டச் சட்டத்தை அவள் காதில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் பார்த்தான்.

"இப்ப?"

"கொஞ்சம் மங்கல்."

இன்னொரு லென்ஸ். "இப்ப தெளிவா தெரியுதா?"

அவள் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுது," என்றாள் மெதுவாக. "ரொம்பத் தெளிவா தெரியுது."

"அது வந்துங்க... நான்..."

"உங்க கண்ணை நம்பித்தானே கேட்டேன்?" சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அவ ஃபெயில் ஆனதை நான் தாங்கிப்பேன். அதைக்கூடத் தாங்கமாட்டேன்னு என்னை நினைச்சீங்க பாருங்க... அதைத்தான் தாங்க முடியலை."

மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

"பொய் சொன்னதும் நீ, அடுத்த நிமிஷமே கண்ணைத் தெரிய வச்சதும் நீ," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை மாதிரி ஒரு திருடனை எந்த ஊர்லயாவது பார்க்க முடியுமாடா?"

மறுநாள் புதுக் கண்ணாடியை வாங்கிப் போக அவள் வந்தாள். அக்காவிடம் மட்டும் பேசினாள். அவளுக்கு அவன் அங்கே கிடந்த ஒரு நாற்காலி.

அன்று மதியம் அவன் அந்தப் பேப்பரைத் தன் போனில் தேடிப் பிடித்தான். மறுநாளும் படித்தான். அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. ஆட்டின் சொந்தக்காரர் போஸ்ட் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டார். தோற்றவர்களுக்குப் பன்னிரண்டாம் தேதி மறுதேர்வு என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டிருந்தது. பார்க்காத ஒரு ஊர் மெல்ல மெல்ல அவனுக்குப் பக்கத்துத் தெருவாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை. வெளியே தூறல். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். அதே தெருவில் இன்னும் மூன்று கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

"ஃபிரேம் மூக்குல நிக்க மாட்டேங்குது," என்றாள் சுவரைப் பார்த்து.

அவன் கண்ணாடியை வாங்கவில்லை. "ஒரு கெட்ட செய்தி," என்றான் எடுத்த எடுப்பில். "ஆத்துல வெள்ளம். படகை நிறுத்திட்டாங்க. பரீட்சை அக்கரையில, இன்னும் மூணே நாள்தான் இருக்கு."

அவள் திரும்பினாள். "எந்த ஆறு?"

"உங்க ஆறு."

"இன்னிக்கு ஸ்கூல்ல பரீட்சை மேற்பார்வை... நான் இன்னும் பேப்பரே பார்க்கலை." அவள் குரல் தடுமாறியது. "நீங்க... எதுக்கு அதைப் படிக்கிறீங்க?"

"நல்லா கேளும்மா!" என்றாள் அக்கா. "கடை திறந்ததும் இதே வேலை. காலையில இருந்து 'அந்தப் பொண்ணு எப்படி அக்கரைக்குப் போவா'ன்னு ஒரே புலம்பல். எந்தப் பொண்ணுன்னு உனக்குத் தெரியாதா என்ன!"

அவன் காது சிவந்தது. "அன்னிக்கு உங்க கண்ணைப் பார்த்து இல்லைன்னு சொல்ல வாய் வரலைங்க. தப்புதான். இனிமே கெட்டதா இருந்தா அதைத்தான் முதல்ல சொல்வேன்."

அவளுக்கு என்னவோ செய்தது. மூன்று வருடமாகத் தன்னந்தனியாகப் படித்த ஊர். வீட்டில் சொன்னால் 'அங்க ஆடு மேய்ஞ்சா உனக்கென்ன' என்பார்கள். இங்கே ஒருத்தன் அந்த வெள்ளத்துக்காக முகம் வாடி நிற்கிறானே...

"அவ அப்பா படகுக்காரர்ங்க," என்றாள் மெல்ல. "எப்படியாவது கொண்டுபோய் விட்டுடுவார்."

"அந்த வேகத்துலயா? அதுக்கு அவ பரீட்சையை அடுத்த வருஷமே எழுதட்டும்!"

"அவளுக்குக் கணக்குன்னா பயம், உங்களுக்கு ஆத்தைக் கண்டா பயம் போலிருக்கு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஃபிரேமை அவன் மூன்றே திருகில் சரிசெய்துவிட்டான். ஆனாலும் மறுநாளும் அது நிற்கவில்லையாம்... அவளே வந்து சொன்னாள்! தண்ணீர் வடிவதாகவும், தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் காலை ஆறு மணிக்கு ஒரு நடை படகு விடப் போவதாகவும் வந்த செய்தியை ஒரே போனில் தலை சேர்த்துப் படித்தார்கள். அதன் பிறகு ஃபிரேமைக் காரணம் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், செய்தி கேட்டாள்.

மறுதேர்வு முடிவு வரும் நாளும் வந்தது. சனிக்கிழமை, பதினொரு மணி, வெளியே மழை... எல்லாம் அன்று போலவே.

போன் 'டிங்' என்றது. அவள் அதைக் கையில் எடுத்தாள். பார்க்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ... கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"நீங்க படிங்க."

"நானா?"

"நீங்கதான்."

அவன் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அவளுக்கு அவன் முகம் வெறும் கலங்கலாகத் தெரிந்தது.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க..."

"இருக்கு," என்றான். குரல் உடைந்தது. "4383. இருக்குங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமை ஓரத்தில் நீர் திரண்டது.

"போட்டுப் பார்த்துக்கம்மா," என்று அக்கா கண்ணாடியை நீட்டினாள். "இவனை நம்பாதே, அனுபவம் இருக்குல்ல?"

"வேண்டாம் அக்கா. அவர் இருக்குன்னு சொன்னா இருக்கும்."

அவனுக்கு இதைவிடப் பெரிதாக இனி என்ன வேண்டும்? இருந்தாலும் ஒன்று பாக்கி இருந்தது. அக்கா சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவளாகப் பின்னறைக்குள் போய்விட்டாள். போகும்போது கண்ணாடியை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

"இன்னொரு செய்தி இருக்கு," என்றான். "பேப்பர்ல வரலை."

"நல்லதா, கெட்டதா?"

"அதை நீங்கதான் சொல்லணும்." ஒரு மூச்சு எடுத்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. உங்க பத்தொன்பது பேரையும் சேர்த்து."

அவள் கையை நீட்டினாள்.

"கண்ணாடியைக் கொடுங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நம்பலையா?"

"நம்பறேன். ஆனா இதைச் சொல்றப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

அவனே மாட்டிவிட்டான். விரல் நுனி அவள் காதோரம் பட்டது.

"இப்ப தெளிவா தெரியுதா?"

"தெரியுது," என்றாள், இந்தத் தடவை அவன் காதை அல்ல, கண்ணையே பார்த்து. "ம்... இப்ப சொல்லுங்க, முதல்ல இருந்து."