எல்கையில் நின்றவள்

"கொள்ளுச் சட்டியக் கீழ வையிடி!"

மாமியார் இராமலட்சுமி போட்ட சத்தத்தில் குதிரைக் கொட்டகையே அதிர்ந்தது. உமையாள் அசையவில்லை. பவளம் காதை விறைத்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றது. குட்டியிலேயே தாயைப் பறிகொடுத்த செவலைக் குதிரை. பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தானே!

"அது என் கையாலதான திங்கும், அத்தே..."

"இன்னிக்கு வேணாம்! போன பங்குனிப் பந்தயத்துல எல்கையில போயி நின்னியே, அது பத்தாதா? ஒன்னப் பாத்துத்தான குதிர பாதை மாறுச்சு! வண்டி கவுந்து எம்மவன் கால ஒடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்..."

அந்த மகன் குருநாதன், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

கமுதிப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் என்றாலே மைக்கில் அவன் பேர்தான். வண்டிகள் எல்கை வரை ஓடி, அங்கே நடுரோட்டில் வைத்த டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். போன வருடம், சர்க்கரை நோயில் மங்கிப்போயிருந்த அவன் கண்ணுக்கு அந்த டிரம் தெரியவில்லை. சக்கரம் மோதியது. ஆஸ்பத்திரியில் மனைவி கையைப் பிடித்துக் கெஞ்சினான்: "கண்ணு தெரியாதவன் வண்டி ஓட்டுனான்னு சிரிப்பாய்ங்க, உமையா... யார்ட்டயும் சொல்லிராத!"

அவள் சொல்லவில்லை. பழி மொத்தமும் அவள் தலையில் விழுந்தது. அதையும் சுமந்தாள்...

"கேட்டுக்க!" இராமலட்சுமி விடவில்லை. "இன்னிக்கு வினோத்து ஓட்டுறான். வெல பேசியாச்சு. ஓட்டம் முடிஞ்சதும் தூத்துக்குடிக்காரரு குதிரைய ஏத்திட்டுப் போயிருவாரு. ஒன் வாசம் பட்ட குதிர இந்த வீட்டுக்கு ஆகாது!"

உமையாள் சட்டியைப் பவளத்தின் வாயருகே நீட்டினாள்.

"என்னைய என்னென்ன சொன்னீய... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். அதுக்காக எம்பிள்ளைய விப்பீயளா? இன்னிக்கும் அங்கனதான் போயி நிக்கப்போறேன். அதே எல்கையில! என்னைப் பாத்து அது பாதை மாறுச்சுன்னா, அதோட சேத்து என்னையும் லாரியில ஏத்திவிட்ருங்க!"

"ஏலே குருநாதா! ஒம்பொண்டாட்டி பேச்சக் கேட்டியா?"

குருநாதன் தரையைப் பார்த்தான்.

"மதினி வரட்டும்மா," என்றான் கொழுந்தன் வினோத்குமார், வார்ப்பட்டையை இறுக்கியபடி. "எனக்கொண்ணும் பயமில்ல."

"பயமில்லாதவன்தான் விடிஞ்சதுலருந்து கக்கூசே கதின்னு கெடக்கியாக்கும்!" என்றாள் இராமலட்சுமி.

உமையாள் கொள்ளை ஊட்டி முடித்தாள். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்!

ரோட்டில் காயப்போட்டிருந்த மிளகாயைப் பெண்கள் ஓரமாகக் குவித்திருந்தார்கள். எல்கையில் ஒரே ஆம்பளைக் கூட்டம்.

"ஏய், குருநாதன் பொண்டாட்டி வந்திருச்சுடா! சாரதிமாரெல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கங்கப்பா!"

"ஒனக்குத்தான்டா ஹெல்மெட்டு வேணும்! குதிரையப் பாக்க வந்துட்டு பொம்பளையப் பாத்துக்கிட்டு நிக்கிறியே!" உமையாள் திருப்பிக் கொடுத்தாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கமிட்டிக்காரர் விசிலோடு ஓடிவந்தார். "தள்ளிப் போம்மா! பொம்பளையாளு எல்கையில நிக்கிற வழக்கமில்ல."

"ஒங்க வழக்கமெல்லாம் என் தலையில விடிஞ்சது போதும்யா! ரோட்டோரக் கயித்துக்கு வெளியதான நிக்கிறேன்?"

அதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே மாமியாரும் குருநாதனும்.

தூரத்தில் புழுதி கிளம்பியது. குளம்புச் சத்தம்... நெருங்க நெருங்க உமையாள் கயிற்றை இறுகப் பிடித்தாள். கால் நகரவில்லை. பவளம் அவளைப் பார்த்துவிட்டது! காது இரண்டும் அவள் பக்கம் திரும்பின!

"வாடி தங்கம்... சுத்தி வா!"

வினோத்குமார் லகானை இழுத்தான். பவளம் டிரம்மை ஒட்டி, சக்கரம் படாமல், வட்டம் போட்டாற்போலத் திரும்பியது. அவளைத் தாண்டிப் பறந்தது!

கேலி செய்தவனே முதலில் விசிலடித்தான்.

இராமலட்சுமி ஆட்டோவிலிருந்து தடுமாறி இறங்கினாள். "அப்ப... போன வருசம் அது எதப் பாத்து மாறுச்சு?"

வாக்குக் கொடுத்திருந்த உமையாள் கணவனை மட்டும் நேருக்கு நேர் பார்த்தாள். முதல் தடவையாக அவன் பார்வையை விலக்கவில்லை.

"அது மாறலம்மா... எனக்குத்தான் டிரம்மு தெரியல. கண்ணு அப்பவே மங்கிப்போச்சு. யார்ட்டயும் சொல்லாதன்னு நாந்தான் இவ வாயக் கட்டிப்போட்டேன்!"

கூட்டத்துக்கும் கேட்டது. மகனை அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இராமலட்சுமி அப்படியே மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"பேசாத பேச்செல்லாம் பேசுனேனே ஆத்தா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீயளா அத்தே?"

இருவரும் அழுதார்கள்...

"மிளகா நெடி..." என்று கண்ணைத் துடைத்தாள் கிழவி.

"ஆமா, நெடிதான்!" உமையாள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "தூத்துக்குடிக்காரர வெறுங்கையோட அனுப்பிருங்க. மைக்குல இனிமே யாரு பேரச் சொல்லணும்னும் நீங்களே போயிச் சொல்லுங்க."

குருநாதன் தலையாட்டினான்.

அவர்கள் ஆட்டோவில் பந்தயத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. ஊன்றுகோலைத் தட்டித் தட்டி அவன் மேடைக்கு நடந்தான். சற்று நேரத்தில் மைக் கரகரத்தது: "இரண்டாம் பரிசுக் கொடி... உமையாள் வண்டி!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பவளம் வியர்வை சொட்டச் சொட்ட அவள் முந்தானையை முகர்ந்துகொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

"தின்னுடி. இனி எவ தடுக்குறான்னு பாப்போம்!"

பக்கத்தில் நின்ற மாமியார், அழுகையும் சிரிப்புமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.