பத்தொன்பதாவது குறை

முற்றத்தை யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். டெலாலி கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஈர்க்குத் துடைப்பம் மண்ணில் ஒருமுறை நீளமாகவும் ஒருமுறை குட்டையாகவும் இழுபட்டது. பிறகு குச்சிகளை உள்ளங்கையில் தட்டிச் சீராக்கும் சத்தம். தலைநகரை ஒட்டிய ஓயாரிஃபாவில் எல்லா வீட்டிலும் விடியலில் கேட்பதுதான். ஆனால் அவள் வீட்டு முற்றத்தில் மண்ணே கிடையாது. மதிலிலிருந்து மதில்வரை சிமெண்ட் கல் பாவியிருந்தது. வாயிற்கதவின் சாவியோ அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று இரவெல்லாம் கொண்டுவந்து கொட்டிய வெள்ளைப் புழுதி, ஒரு காலடிகூடப் படாமல் கல்தரையில் படிந்து கிடந்தது. துடைப்பம் இன்னும் நிற்கவில்லை. அது வெளியிலிருந்து வரவில்லை, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, பின்னறைச் சுவருக்குள்ளிருந்து வந்தது.

ஒரு மாதமாக இப்படித்தான். முதலில் சுவரில் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. கட்டியவர் அம்போஃபோ ஒரு கொத்தனாரை அனுப்பி அதைப் பூசி அடைத்தார். மறுநாள் அதே இடத்தில் ஒரு விரல் நீளம் கூடி மறுபடி திறந்தது. நான்கு முறை பூசினார்கள். நான்கு முறையும் திறந்தது. சாவி கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம்வரை எந்தக் குறை வந்தாலும் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்று மாலை ஐந்து மணியோடு அந்த ஆறு மாதம் முடிகிறது. குமாசி ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்களுக்கு ஓய்வு என்று அவள் வாங்கியது இந்த ஒரு வீட்டைத்தான். போக வேறு இடம் இல்லை.

போன் செய்தாள்.

"மறுபடியும் நீங்களா மேடம்? புது வீடுன்னா சுவர் கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

"முனகல. பெருக்குது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்ப என்ன, வேலைக்கு ஆள் வைக்க வேண்டாம். குடுத்து வச்சவங்க நீங்க."

"அஞ்சு மணிக்குள்ள நீங்களே வந்து பாக்கணும். இல்லேன்னா நாளைக்குக் காலையில வக்கீல் வீட்டு வாசல்ல நிப்பேன்."

"வரேன், வரேன். நீங்க எழுதிக் குடுத்த லிஸ்டையும் எடுத்துட்டு வரேன்" என்றார். அந்தக் குரலில் சிரிப்பு போயிருந்தது.

பகல் நகரவே இல்லை. வெயில் புழுதிக்குள் மங்கி, சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்போல வெளிறிக் கிடந்தது. உதடு வெடித்தது. பத்து மணிக்குமேல் பின்னறையில் விறகுப்புகை நாற்றம் எழுந்தது. அவள் வீட்டில் விறகே கிடையாது, கேஸ் அடுப்புதான். புகையோடு கம்புக் கூழ் கொதிக்கும் வாசனையும் கலந்து வந்தது. வெடிப்பின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பு எரியும் அறையின் மறுபக்கச் சுவர்போல அது வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். அதன்பிறகு கூடத்து நாற்காலியைவிட்டு அவள் எழவில்லை.

நான்கரைக்கு அம்போஃபோவின் வண்டி வந்தது. கூடவே அதிங்கா என்ற கொத்தனார், வடக்கே போல்காப் பக்கத்து ஆள். இந்த வீட்டுக்கு அவர் புதிது. உள்ளே வந்ததும் சுத்தியின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பாஸ், இது ஒத்தைச் சுவர் இல்ல. ரெட்டைச் சுவர். நடுவுல இடம் விட்டிருக்கு."

"வரைபடத்துல ஒத்தைச் சுவர்தானே?" என்றாள் டெலாலி.

அம்போஃபோ சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அவள் கையெழுத்துதான். சாவி வாங்குவதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து அவள் எழுதிக் கொடுத்த குறைகள்: குளியலறைக் குழாய், உரசும் கதவு, பொருந்தாத ஓடு. மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'முடிந்தது' என்று நீல மையில் எழுதியிருந்தது. அடியில் அவள் ஒப்பம்.

"பத்தொம்பதாவதைப் படிங்க மேடம்."

அவள் படித்தாள். 'காவல்காரன் குடும்பத்தோடு இன்னும் பின்னறையிலேயே இருக்கிறான். சாவி தருவதற்குள் சரிசெய்யவும்.'

அயினே, அவனும் போல்காப் பக்கத்து ஆள். அவன் பெயரை அப்போது யாரோ சொன்ன ஞாபகம். நிலத்தை வேறு எவனும் வளைத்துவிடாமல் இருக்க, கதவும் ஜன்னலும் இல்லாத அரைகுறைக் கட்டடத்தில் ஐந்து வருஷம் மனைவியோடும் குழந்தையோடும் குடியிருந்தவன். அவள் வந்த அன்று அந்தப் பெண் மூன்று கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு வணங்கினான். டாக்ஸி காத்திருந்தது. அவள் காகிதத்தில் எழுதிக்கொண்டே அவர்களைக் கடந்து போனாள்.

"ஊர்ல எல்லாரும் காவல்காரனை நேர்ல கூப்பிட்டுக் காலிபண்ணச் சொல்லுவாங்க" என்றார் அம்போஃபோ. "பிள்ளைக்குத் துணி எடுத்துக் குடுத்து, பஸ் ஏத்திவிடுவாங்க. நீங்க கதவு, குழாயோட சேத்துக் குறையா எழுதிக் குடுத்தீங்க. குறைன்னு எழுதினா நாங்க குறையாத்தான் சரிபண்ணுவோம்."

"அவங்க எங்க போனாங்க?"

"போனாங்கன்னு நான் சொன்னேனா?"

சுவருக்குள் துடைப்பம் இழுபட ஆரம்பித்தது. இந்த நேரத்தில் அது கேட்டதே இல்லை. அம்போஃபோ திடுக்கிடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதிங்கா தொப்பியைக் கழற்றினார். சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இவங்களுக்கு நீங்க எப்பவாவது ஒரு வணக்கம் சொன்னதுண்டா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

அவர் தன் மொழியில் வணங்கத் தொடங்கினார். தூக்கம் எப்படி என்று கேட்டார். நிறுத்தினார். மனைவி எப்படி என்று கேட்டார். நிறுத்தினார். ஊர்ப்பக்கத்து ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து விசாரித்துக்கொள்வதுபோல, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கு இடம் விட்டார். குழந்தை எப்படி என்று கேட்டபோது துடைப்பம் நின்றது.

"ம்ம்" என்றது சுவர்.

தாழ்ந்த, பொறுமையான ஆண் குரல். அதன்பின் ஒரு பெண் குரல். அதன்பின், கொஞ்சம் பிந்தி, பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல ஒரு சின்னக் குரல்.

அதிங்கா எழுந்தார். சுத்தியை எடுக்கவில்லை, கொத்துக்கரண்டியையும் எடுக்கவில்லை. அறை வாசல்வரை போய்த் திரும்பினார். அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மூணு பேரு. அவங்க பக்கம் பெருக்கி முடிச்சாச்சாம். இனி இந்தப் பக்கம்தானாம்."

அவர் செருப்புச் சத்தம் கல்தரையில் வேகமாகத் தேய்ந்து மறைந்தது.

"உடைங்க" என்றாள் டெலாலி. "சுவரை உடைங்க. இப்பவே."

"உடைச்சா என்ன பாப்பீங்கன்னு யோசிச்சீங்களா?" அம்போஃபோ காகிதத்தை மடித்து அவள் கையில் திணித்தார். "கேக்கறவங்ககிட்ட நீங்க இதைத்தான் காட்டணும். எழுத்து உங்களுது. மணி அஞ்சு, மேடம். இனி சுவர் உங்களுது. உள்ள இருக்கறதும் உங்களுது."

வண்டி கிளம்பியது. புழுதி எழுந்தது. அடங்கியது.

அவள் சுத்தியைக் கையில் எடுத்தாள். கனத்தது. ஓங்கினாள். வெடிப்பு இப்போது தரையைத் தொட்டிருந்தது. விளிம்பில் பூச்சு மெல்லமெல்ல உதிர்ந்தது. வெளியிலிருந்து யாரும் தட்டவில்லை.

உள்ளே மூச்சு. மூன்று மூச்சு.

சுத்தியைத் தாழ்த்தினாள். என்ன சொல்லி வணங்குவது? அவர்கள் மொழியில் ஒரு சொல்கூட அவளுக்குப் பேச வராது. தன் மொழியில் முயன்றாள். முதல் சொல்லிலேயே பாதியில் நின்றாள்.

வெடிப்பு விரிந்தது. இரண்டு விரல் அகலம்.

இருட்டு.

அந்த இருட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டுவரை. சிமெண்ட் பூத்த, மிகச் சின்னக் கை. உள்ளங்கையைக் குவித்து எதையோ ஏந்தியிருந்தது.

அவள் நகரவில்லை.

கை விரிந்து வீசியது. அறைத் தரையெங்கும், அவள் பாதங்களின்மேலும், பெருக்குவதற்கு முன் புழுதி அடங்கத் தெளிக்கும் தண்ணீர், சில்லென்று விழுந்தது.