சிப் இல்லாத சாவி

ஏழாயிரம்பண்ணையின் மத்தியான வெயிலில் ஒரு காரின் கண்ணாடிகள் உள்பக்கமாக வேர்த்திருப்பதை முனியராஜ் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். இரண்டு மாதமாகத் தகரக் கொட்டகையை விட்டு நகராத கார். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான். ஈரம் உள்ளேதான் இருந்தது.

"இத வச்சுக் கதவத் தெறங்க தம்பி. வண்டி ஓடாது. அன்னைக்கும் ஓடல" என்று வாட்ச்மேன் ராக்கப்பன் பழைய சாவியை நீட்டினார். முனியராஜ் அதை வாங்கிப் பார்த்தான். அது அவன் வெட்டிய சாவி.

போன வருடம் இந்தப் பட்டாசுக் கம்பெனி முதலாளி அவனுடைய விருதுநகர் கடைக்கு வந்து, ஆத்திர அவசரத்துக்குக் கேட்டில் மாட்டிவைக்க இன்னொரு சாவி கேட்டிருந்தார். ஒரிஜினலின் கைப்பிடிக்குள் அரிசிமணி அளவு சிப் ஒன்று உண்டு. அதைக் கார் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். இல்லையென்றால் இரண்டு நொடி உறுமிவிட்டு அணைந்துவிடும். சிப்புக்கும் சேர்த்துக் காசு வாங்கிய முனியராஜ் வெறும் சாவியை வெட்டி, ஒரிஜினலை அதே கைக்குள் மறைத்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து காட்டினான். ஓடியது. கெட்டிக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டான், படுபாவி.

"பட்டாசு மருந்து ரூம்பு வெடிச்ச அன்னைக்கு மொதலாளி ஊர்ல இல்ல" என்றார் ராக்கப்பன். "நாலு பொம்பளைகளத் தூக்கி இதுலதான் ஏத்துனேன். எம் பொஞ்சாதி முத்துப்பேச்சியும் ஒருத்தி. முப்பது தடவ திருகிருப்பேன். வேன் வாறதுக்குள்ள நாலு பேரும் போயிட்டாக. இந்தச் சாவிய வெட்டுனது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தார். முதலாளி கேஸுக்குப் பயந்து ஒரிஜினல் சாவியோடு தலைமறைவாகிவிட்டார். காரை விற்பதற்காகப் புதுச் சாவி போட ஆபீஸில் ஆள் தேடியபோது முனியராஜ் தானாகவே முந்திக்கொண்டு வந்தான். வேறொருவன் வந்தால் பழைய சாவியைப் பார்த்த மாத்திரத்தில் சிப் இல்லையென்று காட்டிக்கொடுத்துவிடுவான். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டால் அவன் தப்பித்தான்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சிப் உள்ள புதுச் சாவியைப் போட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே மெஷினைச் சொருகினான். புதுச் சாவியைக் கார் பழகிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் சாவியை உருவக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பழகியதும் அது அணைந்துவிடும்.

வெயிலில் தகரம் படக் படக்கென்று நெளிகிற சத்தமும், தூரத்தில் ஏதோ லோடு லாரி மண்பாதையில் உருண்டு போகிற சத்தமும், வேர்வை கழுத்தில் இறங்குகிற அரிப்பும், கந்தக நெடிக்கு அடியில் அடுப்பில் தலைமுடி விழுந்ததுபோல ஒரு வாடையும் சேர்ந்து அவனை நெருக்க, மெஷினில் எண்கள் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு நிமிடம் பாக்கி. காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

ஸ்பிரிங் முனகியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அப்படி. ஆனால் எந்தக் கதவும் திறக்கவில்லை.

ஆறு. மறுபடி தாழ்ந்தது. அவன் சீட்டின் முதுகில் ஒரு முழங்கால் இடித்தது.

நாலு. மூன்றாவது தடவை. பின்கழுத்தில் ஈரமான மூச்சு. கதவைத் திறக்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை.

"நாந்தான் வெட்டுனேன்" என்றான் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே. குரல் கீச்சென்று வந்தது. "தெரியாமச் செஞ்சுட்டேன். என்னைய விட்ருங்க."

பின்னால் கிசுகிசுப்பாக ஒரு பெண்குரல் கேட்டது. அவனிடம் பேசவில்லை.

"ஒதுங்கிக்கிடுங்கடி. பேச்சிக்கு எடம் விடுங்க."

கார் நாலாவது தடவை தாழ்ந்தது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

அவன் திருகினானா, சாவி தானாகத் திரும்பியதா, தெரியாது. இன்ஜின் உறுமியது. ஒரு நொடி. இரண்டு. மூன்று. அணையவில்லை. பத்து. ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓடுதுடி" என்றது இன்னொரு குரல், சந்தோஷமாக. "எய்யா, ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போங்க. எரியுது."

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் தோளைப் பரிவாகத் தட்டிக்கொடுத்தது. பிறகு பின்வாங்கியது. அதன் தோல் மட்டும், ஐந்து விரலும் நகமும் கண்ணாடி வளையலுமாக, அவன் தோளிலேயே கிடந்தது.