ஆர்த்திகாவிடம் இல்லாதது

அந்தப் பட்டியலில் மல்லிகை எண்ணெய்க்கு என்ன வேலை என்று நாகலெட்சுமிக்கு விளங்கவில்லை. ஆர்த்திகாவின் கணினியில் போட்டிருக்கும் மென்பொருட்களின் பெயர்கள்தான் அதில் இருக்க வேண்டும். வரிக்கு ஒன்றாக, ஆயிரத்துக்கு மேல், எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில். நடுவே ஒரு வரி மல்லிகை எண்ணெய் என்றது. இன்னும் கீழே, மெல்லிய சிரிப்பு. பட்டியலில்கூடப் பவிசு என்று உதட்டைச் சுழித்தாள்.

ஹட்டனில் ஹலீம் நானா நடத்திய கணினி வகுப்பில் அவர்கள் இருவரும்தான் ஆசிரியைகள். எட்டு வருஷமாக வட்டகொடையிலிருந்து ரயிலில் வந்து தொண்டை வற்றக் கற்பித்தவள் நாகலெட்சுமி. வங்கிக்காரரின் மனைவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆர்த்திகாவையோ, ஆறே மாதத்தில் மாணவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். அவளுடைய லினக்ஸ் மெஷின் ஒருநாளும் மக்கர் பண்ணாது. உங்களுடையதையும் அதுபோல ஆக்குங்கள் என்று நேற்று ஹலீம் நானாவே சொன்னபோது நாகலெட்சுமிக்கு வயிறு எரிந்தது.

ஆர்த்திகா முகம் சுளிக்காமல் பட்டியலை ஒரு பிளொப்பியில் எழுதிக் கொடுத்தாள். இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்டதற்கு, பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பின்னேரம் நீளம் என்றாள். நாகலெட்சுமி பக்கத்து நாற்காலியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தன் மகள் மதுராவைப் பார்த்தாள். ஏழு வயது. அந்த ஒன்றில் மட்டும்தான் ஆர்த்திகாவைவிட அவள் பணக்காரி.

ஆர்த்திகா வாசலில் திரும்பி நின்றாள்.

“உங்கட பழைய பட்டியலைத் துடைச்சிட்டு ஏத்தாதேங்கோ அக்கா. என்னட்ட இல்லாத ஒண்டும் உங்களிட்ட மிஞ்சாது.”

மிஞ்ச வேண்டாம். அச்சு அசல் அவளுடையதுபோலவே இருக்கட்டும். நாகலெட்சுமி துடைத்தாள். புதிதை ஏற்றி, மென்பொருள் சீடியைப் போட்டாள். நீக்கப்படுபவை என்று திரையில் ஓடிய பெயர்களை, பாவி, ஒரு தடவை வாசித்திருக்கலாம். வாசிக்காமலே சரி என்று தட்டினாள்.

மணி மூன்றரைதான். ஆனாலும் மூடுபனி ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, தொழிற்சாலையில் வறுபடும் தேயிலையின் வாசத்தையும் ஈரச் சாக்கின் நாற்றத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து, அறையின் மூலைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருக்க, சீடி சுழலும் உறுமலைத் தவிர வேறு சத்தமே இல்லை. அந்த வாசங்களுக்கு மேலே மல்லிகை எழுந்தது. அவளுடைய தலையிலிருந்துதான். தொட்டுப் பார்த்தாள், விரல் பிசுபிசுத்தது. அவள் தொண்டையிலிருந்து மெல்லிய சிரிப்பொன்று வந்தது, அவளுடையதல்லாத சிரிப்பு. பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு நீக்கல் தொடங்கியது. பழைய தட்டச்சுப் பாடம் போனது. மதுரா விளையாடும் பாம்பு விளையாட்டு போனது. அடுத்த வரியில் ரயில் சீசன் டிக்கெட். கைப்பையைத் திறந்தாள், டிக்கெட் இல்லை. அடுத்து, நெற்றித் தழும்பு. தடவினாள். வழவழப்பாக இருந்தது.

அடுத்த வரியில் மதுரா.

“அம்மா, கையி மரத்துப் போச்சும்மா.”

இடது கையால் மகளின் கையைப் பிடித்தாள். வலது கையால் எல்லா விசைகளையும் அடித்தாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். வயர் கையோடு வந்தது. திரை அணையவில்லை.

“அம்மா, நான்…”

பென்சில் உருண்டது. விழுந்தது.

வகுப்பைப் பூட்ட வந்த ஆர்த்திகா லைட்டைப் போட்டாள். நாற்காலியைக் காட்டினாள்.

“யாற்ற உடுப்பு அக்கா உது?”

நாகலெட்சுமி பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்ன வெள்ளைச் சீருடை, மேலே நீல ஸ்வெட்டர், பொத்தான்கள் போட்டபடியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

“தெரியலைங்க மிஸ்.”

உண்மையாகவே தெரியவில்லை. ஆனால் அவளுடைய இடது கை அந்த ஸ்வெட்டரின் கையை இறுகப் பிடித்திருந்தது. கம்பளி இன்னும் சூடாக இருந்தது. விடப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை.