சத்தம் குறைக்காத ஊர்

அந்த வீட்டுக்குக் குடிவந்த சில நாட்களில், ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பெரியவள் அதைக் கவனித்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திடீரென்று தெருவிலிருந்த எல்லா வீட்டு டிவிகளிலும், ஒரே கை ஒரே குமிழைத் திருகியதுபோல, சத்தம் கூடியது. ஒரு வீட்டில் செய்தி, இன்னொரு வீட்டில் சினிமாப் பாட்டு, பக்கத்தில் சோப்பு விளம்பரம், கோடி வீட்டில் யாரோ யாரையோ அழுதபடி திட்டும் சீரியல் என்று எல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதியதில் சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. சத்தம்கூட அவளை உறுத்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்தான் உறுத்தியது. அங்கே தையல்கார அக்கா மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, விடாமல் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி ஏறி இறங்கியது. ஊசிக்கு அடியில் துணி இல்லை.

"ஊர் மொத்தத்துக்கும் காது மந்தம் போல," என்றார் அப்பா சாப்பிடும்போது. அவர் மின்வாரியத்தில் லைன்மேன்; மாற்றல் வாங்கிக்கொண்டு இரண்டு பெண்களோடு இங்கே வந்திருந்தார். "மொத நாளே இஞ்சினியர் சொல்லிட்டார், பெரிசு. எப்ப வேணா கரண்டை நிறுத்திக்கோ, பொழுது சாயற நேரத்துல மட்டும் கை வைக்காதேன்னு. சீரியல் மேல அப்படி ஒரு வெறி."

சின்னவள் வாண்டு சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தாள். அவளுக்கு ஏழு வயது. அம்மா செத்துப்போனது அவளுக்கு நினைவு தெரிவதற்கு முன்னால். அம்மா போன பிறகும் அப்பா ஜோக் அடிப்பதை நிறுத்தவில்லை. கண் மட்டும் அதில் கலந்துகொள்ளாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளம் வைக்க எதிர்வீட்டுக்குப் போனாள் பெரியவள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தும் வளர்ந்துகொண்டேயிருந்தாள். அக்கா மண்டியிட்டுக் குண்டூசி குத்திக்கொண்டே கேட்டாள்.

"உங்க வீட்ல டிவி சத்தமே காணோமே?"

"வண்டில ஏத்தும்போது உடைஞ்சுபோச்சுக்கா."

அக்காவின் கை நின்றது. வாயில் கடித்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய், பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பழைய ரேடியோவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பொழுது சாயும்போது இதை முழுசாத் திருகி வெச்சுடு. பாட்டு வரலைன்னாலும் பரவால்ல. இரைச்சல் போதும்."

"எதுக்குக்கா?"

"ஊருக்கு வெளியே இருக்கற கல் குவாரிப் பக்கமிருந்து கூப்பிடுவாங்க."

"யாரு?"

"உனக்கு யாரு இல்லையோ, அவங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

"கேக்கறதோட போகாதும்மா. நம்ம ஆளு கூப்பிட்டா வாய் சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரரை அவர் தம்பி கூப்பிட்டான். செத்துப்போன தம்பி. இவர் வெறும் 'ம்'னுதான் சொன்னார். சட்டைகூடப் போடல, அப்படியே எழுந்து போனார்."

"தேடலையா?"

"விடிஞ்சதும் ஊரே இறங்கித் தேடிச்சு. பள்ளத்துல தண்ணிகூட இல்ல, வெறும் கல்லு." அக்கா மறுபடி மண்டியிட்டாள். பாவாடை ஓரத்தில் அடுத்த ஊசியைக் குத்தினாள். "நல்லா இருட்டினா நின்னுடும். அந்தக் கொஞ்ச நேரம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவைச் சிரிக்க வைக்கத்தான் அதைச் சொன்னாள். அக்காவின் குரலை அப்படியே நடித்துக் காட்டினாள். வாண்டு கைதட்டினாள். அப்பா தண்ணீர்க் குவளையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தியிருந்தார்.

"அவங்கவங்க ஆளோட குரல்லயா?" என்று கேட்டார்.

"சும்மா கதைப்பா."

"கதைதான்," என்றார். தண்ணீரைக் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடத் தொடங்கினார். தலைவலி என்று சொல்லி ரேடியோவை அணைப்பார். பின்கட்டுக் கதவைத் திறந்து, குவாரி இருக்கும் திசையில் தலையைச் சாய்த்து நிற்பார். தெருவின் இரைச்சல் பின்கட்டு வரை கொட்டும். அதற்குள் எதுவும் கேட்காது. உள்ளே வரும்போது, வெகுதூரம் நடந்துபோய்க் கடை பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்போல முகம் இருக்கும். அவர் பின்கட்டுக்குப் போனதும் பெரியவள் ரேடியோவை மறுபடி போடுவாள்.

பிறகு அந்தச் சாயங்காலம்.

காற்றில்லை, மேகமில்லை. வாண்டு தரையில் குப்புறப் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஈரச் சுவரின் வாடை, அடுப்பில் கொதிக்கும் அரிசியின் மணம், கரகரக்கும் ரேடியோ, அதற்கு மேல் தெருவின் மொத்தக் கூச்சல் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. விளக்கு ஒருமுறை சிமிட்டியது. மின்விசிறி முனகிக்கொண்டே வேகம் குறைந்தது. ரேடியோ நின்றது. டிவிகள் நின்றன. தெரு முழுக்கச் சத்தம் நின்றது.

அப்பா வேலை முடிந்து வந்ததும் பை மாட்டும் சுவர் ஆணியைப் பெரியவள் பார்த்தாள். அப்பாவின் கருவிப் பை அதில் இல்லை.

லைன் தானாகப் போகவில்லை. அப்பாதான் கரண்டை நிறுத்தியிருக்கிறார்.

ஒரு நொடிதான் அமைதி. பிறகு ஊரே வெறிபிடித்ததுபோல ஓசை எழுப்பியது. யாரோ அண்டாவைக் கரண்டியால் அடித்தார்கள். யாரோ ஸ்கூட்டரை உதைத்து முறுக்கினார்கள். எதிர்வீட்டு அக்கா ஜன்னலோரம் நின்று, ராகமும் இல்லாமல் வார்த்தையும் இல்லாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பெரியவள் தட்டு ஒன்றை எடுத்துத் தரையில் அடித்தாள். அடித்துக்கொண்டே கேட்டாள். அண்டாச் சத்தம் பாதியில் நின்றது. அது மறுபடி தொடங்கவில்லை. ஸ்கூட்டர் உறுமி உறுமி அடங்கியது. யாரோ "ஆங்?" என்றார்கள், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறவர்போல. கதவு ஒன்று திறந்தது. இன்னொன்று.

அக்கா கத்துவதை நிறுத்தினாள்.

"என்னங்க..." என்றாள். அவ்வளவு மென்மையாக.

பெரியவளின் கையிலிருந்து தட்டு நழுவியது.

"மூக்கி."

பின்கட்டுக்கு அப்பாலிருந்து வந்தது. அழுதால் மூக்கு சிவந்துவிடும் என்பதால் அம்மா வைத்த பெயர். வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாகூட.

"மூக்கி, கதவு ஏன்டி சாத்தியிருக்கு? கை வலிக்குது. வந்து இந்தப் பையை வாங்கேன்."

மூச்சு வாங்குவதுகூட அம்மாதான். மாடிப்படி ஏறி வந்தால் வாங்கும் அதே மூச்சு. பெரியவள் தன் கையைக் கடித்தாள். நாக்கில் உப்பு கரித்தது. ஒரு வார்த்தை தொண்டை வரை ஏறி நின்றது. ஒரே ஒரு 'ம்'. அதைச் சொல்லிவிட்டால் போதும், ஐந்து வருடங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கனம் இறங்கிவிடும்.

"அக்கா," என்றாள் வாண்டு. "யாரோ ஒரு ஆன்ட்டி 'மூக்கி'ன்னு கூப்பிடறாங்க. யாரது?"

அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. வாண்டுக்கு அந்தக் குரல் தெரியாது. அவளைக் கூப்பிட அங்கே யாருமில்லை. பெரியவள் தலையணையைப் பிய்த்துப் பஞ்சை எடுத்துத் தன் காதில் திணித்துக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்தாள்.

"டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட போறோம். எது கேட்டாலும் வாயைத் திறக்காத. சரியா?"

வாண்டு தலையாட்டினாள்.

தெருவில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. அக்காவின் ஒற்றைச் செருப்பு வாசலில் கவிழ்ந்திருந்தது. இருவரும் ஓடினார்கள். பஞ்சையும் மீறி அம்மா கூடவே வந்தாள். "மெதுவா ஓடுடி. விழுந்துடுவ."

டிரான்ஸ்ஃபார்மர் ஊர் முடியும் இடத்தில், குவாரி வேலியை ஒட்டி நின்றது. அதன் அடியில் அப்பாவின் ரப்பர் கையுறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. லைனை இணைக்கும் கைப்பிடி இறங்கியிருந்தது. பூட்டு சாவியோடு தொங்கியது. அப்பா எத்தனையோ முறை செய்ததைப் பார்த்திருக்கிறாள். கையுறைகளை மாட்டிக்கொண்டாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது. முழு உடம்பையும் கொடுத்துக் கைப்பிடியை மேலே தள்ளினாள்.

டொக்.

ஊர் முழுக்க விளக்கெரிந்தது. எல்லா டிவியும் ஒரே நேரத்தில் அலறியது. செய்தி, பாட்டு, சிரிப்பு. பெரியவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வந்துவிடுவார். இந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்வார்.

"மூக்கி."

சத்தம் அதை மறைக்கவில்லை. இப்போது அது பக்கத்தில் இருந்தது. வேலிக்குக் கீழே.

கையுறைகளை உதறிவிட்டு, வாண்டை இழுத்து அணைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

பள்ளத்தின் அடியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. நெருக்கமாக, தோளோடு தோள் உரச. அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர், இருட்டு முடியும் வரை. சட்டையில்லாத ஓர் ஆள் இருந்தார். எல்லா முகங்களும் மேலே பார்த்தன. எல்லா வாய்களும் திறந்திருந்தன. உதடுகள் அசையவில்லை.

முன்வரிசையில் அப்பா. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட். கன்னமெல்லாம் ஈரம்.

"மூக்கி," என்றது அப்பாவின் வாய், அம்மாவின் குரலில். "வந்துட்டியாடி."

அவர் பக்கத்தில் தையல்கார அக்கா நின்றிருந்தாள். அவள் தலை மெதுவாக வாண்டின் பக்கம் திரும்பியது. அவள் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. அதிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அதே கேலி. அதே பாசம்.

"எங்கடா என் வாண்டு?"

பெரியவள் தங்கையின் வாயைப் பொத்தினாள். முழுப் பலத்தோடும் அழுத்திப் பொத்தினாள்.

உள்ளங்கைக்கு அடியில் சின்ன உதடுகள் பிரிந்தன. சூடான மூச்சு பட்டது.

வாண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.